கில்லார்னி ஏரிகள் யாருடையவை?

அயர்லாந்துத் தீவின் தென்மேற்கு மூலையில் கெர்ரி என்றொரு மாவட்டம் உண்டு. அட்லாண்டிக் மாகடலில் பிறந்து வரும் மேகங்கள் முதன்முதலாகத் தரை காணும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அங்கு மழைக்குக் குறைவில்லை. பாறைகளிலே பாசி உலர்வதில்லை. மலை இடுக்குகளிலெல்லாம் ஓடைகள் சலசலத்துக்கொண்டே இருக்கும். அந்த மலைகளின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து மூன்று ஏரிகள் கிடக்கின்றன. ஏரிகளுக்கு அருகில் ஏறத்தாழ 14,000 மக்கள் வாழும் சிறு நகரம் ஒன்று இருக்கிறது. அதுவே கில்லார்னி.

இயற்கை எழிலை நாடி அயர்லாந்து செல்வோர் பெரும்பாலும் இந்த ஊரைத் தவறவிடுவதில்லை. இன்று நேற்றல்ல, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகவே இது வழக்கமாக இருந்து வருகிறது. ஏரிகளைப் பாடியவர் பலர். ஓவியமாகத் தீட்டியவர் பலர். நாம் அங்கு சென்று கேட்க விரும்பும் கேள்வி சற்று வேறானது. இத்தனை அழகும் யாருக்குச் சொந்தமாக இருந்தது? இன்று யாருக்குச் சொந்தம்? இக்கேள்வியை மனத்திற்கொண்டு ஊரைச் சுற்றி வருவோமாயின், கில்லார்னியின் வரலாறு முழுவதும் தானே விரியக் காண்போம்.

தலைநகராகிய டப்ளினில் புகைவண்டி ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். கில்லார்னிக்கு இருப்புப்பாதை வந்தது 1853-ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே நிலையத்தை ஒட்டிப் பெரிய விடுதி ஒன்று எழுந்தது. அயர்லாந்தில் இருப்புப்பாதைக் கம்பெனி கட்டிய முதல் விடுதி அதுதான். நிலையத்தை விட்டு வெளியே வந்தால், ஒற்றைக் குதிரை பூட்டிய திறந்த வண்டிகள் காத்திருக்கக் காண்கிறோம். வண்டிக்காரர்களை அவ்வூரார் 'ஜார்வி' என்று அழைக்கின்றனர். தந்தைக்குப் பின் மகன் என்று தலைமுறை தலைமுறையாக இத்தொழில் நடத்துவோரும் அவர்களில் உண்டு. ஏரிக்கரைப் பாதைகள் பலவற்றில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை; குதிரைகளுக்கு இடமுண்டு. ஆகவே நாமும் குதிரை வண்டியிலேயே புறப்படுவோம்.

முதலில் ராஸ் தீவு. பெயர்தான் தீவு; உண்மையில் அது லேன் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலத்துண்டு. மூன்று ஏரிகளில் பெரியது இந்த லேன் ஏரியே. ராஸ் தீவின் மரங்களுக்கிடையே நடந்தால், பாறைகளில் குடைவுகளும் நீர் தேங்கிய பள்ளங்களும் தென்படும். அவை பழைய செப்புச் சுரங்கங்கள். ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு மக்கள் பாறையை நெருப்பிட்டுச் சூடாக்கி, உருண்டைக் கற்களால் உடைத்து, தாமிரம் எடுத்திருக்கிறார்கள். பிரிட்டனையும் அயர்லாந்தையும் சேர்த்து நோக்கினால், இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய செப்புச் சுரங்கம் இதுவே என்று 1990-களில் நடந்த அகழாய்வுகள் காட்டின. கில்லார்னிக்கு முதலில் வந்தவர்கள் காட்சி காண வரவில்லை. பிழைப்பைத் தேடி வந்தார்கள். ஏரியின் அழகை அவர்களும் கண்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற அடையாளம் உழைப்பின் அடையாளமே.

சுரங்கங்களுக்கு அருகில், நீரின் விளிம்பில், சதுரமான உயர்ந்த கோட்டை ஒன்று நிற்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஓ'டானஹூ என்னும் குலத்தலைவர்கள் கட்டியது இந்த ராஸ் கோட்டை. அவர்களுக்கும் மேலாக, இப்பகுதி முழுவதற்கும் தலைவர்களாக விளங்கியவர்கள் மக்கார்த்தி மோர் என்னும் பெருங்குலத்தினர். அந்நாளில் நிலம் குலத்தின் உடைமை. தலைவன் அதன் காவலன். பின்னர் ஆங்கில ஆட்சி வலுப்பெற்றது. 1652-ஆம் ஆண்டில் கிராம்வெல்லின் தளபதி லட்லோ படையுடன் வந்து கோட்டையை முற்றுகையிட்டார். ஏரியில் கப்பல் மிதக்கும் நாள்வரை ராஸ் கோட்டை வீழாது என்றொரு பழமொழி அவ்வூரில் வழங்கியதாம். லட்லோ கடற்கரையிலிருந்து படகுகளைக் கொண்டுவந்து ஏரியில் இறக்கினார். நீரில் படகுகளைக் கண்டதும் கோட்டைக் காவலர் மனந்தளர்ந்தனர் என்பது கதை. கதை எவ்வாறாயினும், கோட்டை சரணடைந்தது வரலாறு. மன்ஸ்டர் மாகாணத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்த அரண்களுள் அதுவும் ஒன்று.

கோட்டைத் துறையிலிருந்து படகேறினால் இன்னிஸ்பாலன் என்னும் சிறு தீவை அடையலாம். ஏழாம் நூற்றாண்டில் பினியன் என்ற துறவி இங்கு ஒரு மடத்தை நிறுவினார் என்பது மரபு. இன்று அங்கே எஞ்சியிருப்பவை கூரையிழந்த சுவர்களும் புல்தரையும் மரங்களுமே. எனினும் இத்தீவை அறிஞர் உலகம் மறக்கவில்லை. இங்கிருந்த துறவிகள் தம் நாட்டு நிகழ்ச்சிகளை ஆண்டுதோறும் எழுதி வைத்தனர். 'இன்னிஸ்பாலன் ஆண்டுக்குறிப்புகள்' எனப் பெயர் பெற்ற அவ்வேடு, கி.பி. 433 முதல் 1450 வரையிலான செய்திகளைத் தாங்கி நிற்கிறது. ஒரு பகுதி ஐரிஷ் மொழியிலும் ஒரு பகுதி லத்தீன் மொழியிலும் அமைந்தது. பழைய அயர்லாந்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அது இன்றியமையாத மூலம். லேன் ஏரியின் பெயருக்கே 'கல்வி ஏரி' என்று பொருள் கூறுவோரும் உண்டு.

அந்த ஏட்டைத் தீவில் தேடினால் கிடைக்காது. அது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஏடு பாதுகாப்பாக உள்ளது என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் எழுதிய தீவில் சுவர் மட்டும் நிற்க, எழுத்து கடல் கடந்து இருப்பதை எண்ணும்போது, வென்றவர் கைக்குப் போனது நிலம் மட்டுமல்ல என்பதை உணர்கிறோம்.

படகைத் திருப்பி மீண்டும் நகருக்கு வருவோம். நகரில் ஒரு பெண்ணுருவச் சிலையைக் காண்கிறோம். ஷேமஸ் மர்பி என்னும் சிற்பி செதுக்கிய அச்சிலை 1940-இல் நிறுவப்பெற்றது. கெர்ரி மாவட்டத்தின் பழங்கவிஞர்கள் நால்வருக்கு அது நினைவுச்சின்னம். சிலை கவிஞர்களின் உருவமன்று. அவர்களுடைய கனவுப் பாடல்களில் தோன்றும் வானமங்கையின் உருவம். அயர்லாந்து நாட்டையே ஒரு நங்கையாக உருவகித்து, அவள் தன் உரியவரை இழந்து புலம்புவதாகப் பாடுவது அக்காலத்துக் கவிமரபு. நால்வருள் ஒருவரான பியர்ஸ் பெரிட்டர் வாளேந்திப் போரிட்டவர். 1653-இல் இதே கில்லார்னியில் தூக்கிலிடப்பட்டவர். மற்றொருவரான ஏகன் ஓ ராஹிலி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். பழைய குலத்தலைவர்கள் வீழ்ந்தபோது அவர்களை அண்டி வாழ்ந்த புலவர்களும் வறியராயினர். மக்கார்த்தி குலம் ஆண்ட மண்ணில் புதியவர்கள் அமர்ந்திருப்பதைக் கண்டு அவர் பாடிய கவிதைகள் ஐரிஷ் இலக்கியத்தின் உயர்ந்த செல்வங்களாகப் போற்றப்படுகின்றன. புரவலனை இழந்த புலவனின் துயரம் எம்மொழிக்கும் பொதுவானதன்றோ?

அந்தப் புதியவர்கள் யார்? பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், மன்ஸ்டர் மாகாணத்துக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களை அளவிட வந்த அதிகாரிகளுள் ஒருவர் வாலன்டைன் பிரவுன். நிலத்தை அளக்க வந்தவரின் குடும்பம் நாளடைவில் நிலத்துக்கே உரியதாயிற்று. பிற்காலத்தில் கென்மேர் பிரபுக்கள் என்று பெயர் பெற்றவர்கள் இக்குடும்பத்தினரே. நான்காம் கென்மேர் பிரபுவான தாமஸ் பிரவுன் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு புதிய வழியைக் கண்டார். சாலைகள் போட்டார், விடுதிகளுக்கும் படகுகளுக்கும் ஊக்கமளித்தார். வெளியூர்ச் செல்வர்கள் ஏரி காண வரத் தொடங்கினர். கில்லார்னி உல்லாசப் பயணிகளின் ஊரானது அப்போதிருந்துதான்.

அந்நாளையப் பயணிகளின் பொழுதுபோக்குகள் விந்தையானவை. படகை ஏரி நடுவே நிறுத்திச் சிறு பீரங்கிகளை வெடிக்கச் செய்வார்கள். கொம்பு ஊதச் சொல்வார்கள். ஒலி மலைக்கு மலை தாவித் திரும்பி வருவதைக் கேட்டு மகிழ்வார்கள். காட்டிலிருந்து கலைமான்களை நாய்கள் விரட்டி ஏரியில் தள்ளுவதைப் படகிலிருந்தபடியே வேடிக்கை பார்ப்பதும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் இங்கு வந்து, ஏரியில் ஒலித்த கொம்பின் எதிரொலியில் உள்ளம் பறிகொடுத்து, புகழ்பெற்ற பாடல் ஒன்றைப் புனைந்தார். அவர் வந்த ஆண்டு 1848.

அந்த ஆண்டை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நகரின் மேற்கோரத்தில் வானளாவ நிற்கும் தூய மரியன்னை பேராலயத்தின் கட்டட வேலை நின்றுபோனதும் அதே 1848-இல்தான். பெரும் கட்டடக்கலைஞரான பியூஜின் வரைந்த திட்டப்படி 1842-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஆலயம் அது. மூன்றாண்டுகளில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. உழவர் விளைத்த தானியம் குத்தகைக்கும் ஏற்றுமதிக்கும் போக, அவர்கள் வயிற்றுக்கு இருந்தது உருளைக்கிழங்கு ஒன்றே. அதுவும் மண்ணுக்குள் அழுகியது. 1845 முதல் 1852 வரை நீடித்த அந்தப் பெரும் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறி நாட்டை விட்டுச் சென்றனர். 1841-இல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகச் சுருங்கியது. கூரை முடியாத பேராலயம் பஞ்சத்தில் அடிபட்டோர்க்கு மருத்துவமனையாகவும் புகலிடமாகவும் பயன்பட்டது. ஆலய வேலை 1853-இல்தான் மீண்டும் தொடங்கியது. 1855-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

ஆலயத்தின் முன்னுள்ள புல்தரையில் நெடிதுயர்ந்த மரம் ஒன்று நிற்கிறது. பஞ்சத்தில் இறந்த குழந்தைகளை ஒருசேரப் புதைத்த இடம் அது என்று ஊரார் காட்டுகின்றனர். மரத்தடியில் நிற்கும்போது ஏரி நமக்குத் தெரிவதில்லை. ஆனால் சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. ஒரே ஆண்டில், ஒரே ஊரில், ஒரு பக்கம் கொம்பின் எதிரொலி. மறுபக்கம் பசியின் குரல். கவிஞர் மேல் குறை சொல்வதற்காக இதை நாம் நினைவூட்டவில்லை. அழகிய ஊர் என்பதனால் அங்குள்ளவர்க்கு வாழ்வு வாய்த்துவிடுவதில்லை என்பதைக் கில்லார்னியில் நின்று உணர்வதுபோல் வேறெங்கும் உணர முடியாது.

மறுநாள் காலை தெற்குச் சாலையில் மூன்று மைல் சென்று மக்ரஸ் பகுதியை அடைவோம். மரங்களுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஓர் இடிந்த மடம் தெரிகிறது. பிரான்சிஸ்கன் துறவிகளுக்காக மக்கார்த்தி குலத்தலைவர் 1448-இல் கட்டிய மடம் இது. ராஸ் கோட்டை வீழ்ந்த அதே 1652-இல் இதையும் கிராம்வெல்லின் படைகள் எரித்தன. நடுமுற்றத்தில் பெரியதோர் யூ மரம், நான்கு புறத்துத் தாழ்வாரங்களும் தன்னைச் சுற்றி நிற்க, கிளை பரப்பி நிற்கிறது. நகரில் நாம் கண்ட சிலைக்குரிய கவிஞர்கள் நால்வருள் மூவர் இம்மடத்தின் மண்ணில் அடக்கமாகியிருப்பதாகச் சொல்வர். குலத்தலைவர்களும் இங்கேதான் துயில்கின்றனர். பாடியவரும் பாடப்பெற்றவரும் ஒரே மண்ணில் கலந்துவிட்டனர்.

மடத்துக்குச் சிறிது தொலைவில், ஏரியை நோக்கியபடி மக்ரஸ் மாளிகை எழுந்து நிற்கிறது. ஹெர்பர்ட் என்னும் நிலக்கிழார் குடும்பத்துக்காக 1839 முதல் 1843 வரை கட்டப்பட்டது. 1861 ஆகஸ்டில் விக்டோரியா அரசியார் இங்கு விருந்தாளியாக வந்து தங்கினார். அவருடைய வரவை முன்னிட்டு மாளிகைக்குப் புதிய திரைகள், கம்பளங்கள், அறைகலன்கள் என்று ஹெர்பர்ட் குடும்பத்தார் பெரும்பொருள் செலவிட்டனர். அரசியார் தங்கியது இரண்டே இரவுகள். அவருடைய தோழியர் நின்று ரசித்த மலைவளைவு இன்றும் 'சீமாட்டிகளின் காட்சி' என்று வழங்குகிறது. அங்கு நின்றால் மேல் ஏரியும் பள்ளத்தாக்கும் மலைத்தொடரும் ஒரே பார்வையில் அடங்கும். அயர்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான கரன்டூஹில், ஏறத்தாழ 1,039 மீட்டர் உயரத்துடன், இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. ஆனால் ஹெர்பர்ட் குடும்பம் நெடுநாள் அக்காட்சியை அனுபவிக்கவில்லை. கடன் பெருகியது, பரம்பரைச் சொத்து கைமாறியது. 1899-இல் ஆர்டிலான் பிரபு அதை வாங்கினார்.

இங்குதான் கதை திரும்புகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தங்கச் சுரங்கத்தால் செல்வரான வில்லியம் பார்ன் என்பவர் 1911-இல் மக்ரஸ் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். தம் ஒரே மகள் மாட், ஆர்தர் வின்சென்ட் என்னும் ஐரிஷ்காரரை மணந்ததற்கு அளித்த திருமணப் பரிசு அது. மகளும் மருமகனும் இங்கு வாழ்ந்து, பாறைத் தோட்டங்களும் நீரோடைத் தோட்டங்களும் அமைத்தனர். தந்தையார் பின்னாளில் உடல் நலிந்து கடல் கடக்க இயலாதவரானார். ஆகவே கலிபோர்னியாவில் தம் மாளிகையின் ஆடற்கூடத்துச் சுவர்களில் மக்ரஸ் ஏரிக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டச் செய்து, அவற்றைப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கழித்தார். மகள் இருக்கும் ஊரைச் சுவரிலாவது காண விரும்பிய தகப்பனின் உள்ளம் அது.

1929-இல் மாட் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார். தந்தையும் தாயும் கணவரும் கலந்து ஒரு முடிவுக்கு வந்தனர். மக்ரஸ் மாளிகையையும் அதைச் சூழ்ந்த ஏறத்தாழ 10,700 ஏக்கர் நிலத்தையும், அவளுடைய நினைவாக, 1932-இல் ஐரிஷ் மக்களுக்குக் கொடையாக அளித்தனர். விடுதலை பெற்றுப் பத்தே ஆண்டுகளான ஏழை அரசு அது. அரசு அக்கொடையை ஏற்று, 'பார்ன் வின்சென்ட் நினைவுப் பூங்காச் சட்டம்' என்ற தனிச் சட்டத்தை அதே ஆண்டில் இயற்றியது. நிலம் பொதுமக்களின் மகிழ்வுக்கும் பயனுக்குமாகப் பேணப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா இவ்வாறு பிறந்தது. நம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா இமயத்தின் அடிவாரத்தில் ஹெய்லி என்னும் பெயரில் 1936-இல் தோன்றியது; இன்று நாம் கார்பெட் பூங்கா என்று அறிவது அதுவே. வடநாட்டில் வாழும் நம்மவரில் பலர் விடுமுறையில் சென்று வரும் அந்தக் காட்டுக்குக் கில்லார்னி நான்காண்டு மூத்தது.

கொடையோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பேண்வதற்குப் பணமில்லாமல் மாளிகை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. ஊரார் சிலர் முன்வந்து முயன்றதன் பயனாக 1964-இல் அது மக்கள் வாழ்க்கைக் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. அரசியார் வரவுக்காக அலங்கரித்த மாளிகையில், கெர்ரி உழவரின் நெசவும் கொல்லுத்தொழிலும் மட்பாண்டமும் இடம்பெற்றன. மாளிகையின் உரிமை மாறியதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

ஏரியின் மறுபாதி இன்னும் கென்மேர் குடும்பத்து உடைமையாகவே இருந்தது. 1950-களில் அதை வாங்கியவர் ஜான் மக்ஷேன் என்னும் அமெரிக்கக் கட்டட ஒப்பந்தக்காரர். வாஷிங்டன் நகரின் புகழ்பெற்ற கட்டடங்கள் பலவற்றை எழுப்பியவர் அவர்; பென்டகன் கட்டடத்திலும் அவருக்குப் பங்குண்டு. அவருடைய பெற்றோர் அயர்லாந்தின் டெரி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக அமெரிக்கா சென்றவர்கள். நாடு விட்டுப் போன ஏழைக் குடும்பத்தின் மகன் திரும்பி வந்து, நிலமளக்க வந்தவரின் வழித்தோன்றல்கள் ஆண்ட தோட்டத்தை வாங்கினார். வாங்கியதைத் தமக்கென வைத்துக்கொள்ளவும் இல்லை. ராஸ் கோட்டையும் இன்னிஸ்பாலன் தீவும் அவர் வழியாக அரசிடம் வந்தன. எஞ்சிய நிலத்தையும், தேசியப் பூங்காவில் சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டின்மேல், 1970-களின் இறுதியில் குறைந்த விலைக்கு அரசுக்கு அளித்தார். இன்று பூங்காவின் பரப்பு 10,000 ஹெக்டேருக்கும் மேல். 1981-இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

இனி, உரிமை கிடைத்தபின் நேர்ந்தது யாது என்பதையும் பார்ப்போம். மாளிகையிலிருந்து டார்க் அருவியை நோக்கிக் காட்டுப் பாதையில் நடக்கிறோம். ஓக் மரங்களின் தண்டில் பாசியும் பெரணியும் போர்வைபோல் படர்ந்திருக்கின்றன. முன்னொரு காலத்தில் இந்நாடெங்கும் பரவியிருந்த ஓக் காடுகள் இரும்பு உருக்கும் கரிக்காகவும், பீப்பாய்ப் பலகைக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் வெட்டப்பட்டன. எஞ்சிய இயற்கை ஓக் காடுகளில் மிகப் பெரிய பகுதி கில்லார்னியில்தான் உள்ளது. சுண்ணாம்புப் பாறைமேல் வளர்ந்த யூ மரக் காடு ஒன்றும் இங்குண்டு. ஐரோப்பாவிலேயே அத்தகைய காடு அரிது. அர்ப்யூட்டஸ் என்னும் சிவந்த பட்டை மரமும் இங்குண்டு. ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளில் இயல்பாக வளரும் அம்மரம் பிரிட்டனில் இயற்கையாக வளர்வதில்லை, இங்கு வளர்கிறது.

இந்தக் காட்டுக்குப் பகை அழகின் வடிவிலேயே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட அலங்காரத்துக்காகவும், வேட்டைப் பறவைகளுக்கு மறைவிடமாகவும் ரோடோடென்ட்ரான் என்னும் பூச்செடியை நிலக்கிழார்கள் நட்டனர். ஊதா நிறப் பூக்கள் கண்ணைக் கவரும். ஆனால் அதன் இலை நஞ்சு. மானும் ஆடும் தின்பதில்லை. அடர்ந்து வளர்ந்து தரையை இருளாக்கிவிடும். அதன் நிழலில் ஓக் விதை முளைப்பதில்லை. பெரிய மரங்கள் மூத்து விழுந்தால் இடத்தை நிரப்பக் கன்றுகள் இல்லை. நம் நாட்டுக் காடுகளில் உண்ணிச்செடி பரவியதை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். அதுவும் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த பூச்செடியே. 1981 முதல் பல ஆண்டுகள், கோடைதோறும் தொண்டர்கள் முகாமிட்டு ரோடோடென்ட்ரானை வெட்டி வேரோடு களைந்தனர். இன்றும் அப்பணி ஓய்ந்தபாடில்லை. கவனம் தளர்ந்தால் செடி மீண்டும் தலையெடுக்கிறது.

பயணிகளாலும் கேடு விளைந்ததுண்டு. கில்லார்னிப் பெரணி என்று ஊரின் பெயரையே தாங்கிய மெல்லிய பெரணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் கண்ணாடிப் பேழையில் வளர்க்க விரும்பினர். வாங்குவோர் இருந்ததால் பறிப்போரும் பெருகினர்; செடி ஏறக்குறைய அழிந்தே போயிற்று. நகரின் கழிவுநீர் ஏரியில் கலந்து நீரில் பாசி பெருகவே, 1980-களில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டைத் திருத்த வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரலில் மூண்ட காட்டுத்தீ ஏறத்தாழ 2,500 ஹெக்டேர் நிலத்தைக் கருக்கிவிட்டது.

எனினும் நம்பிக்கை தரும் செய்திகளும் உள. அயர்லாந்தின் தொல்பழஞ் செம்மானினம் கலப்பின்றி எஞ்சியிருப்பது இந்த மலைகளில்தான். 1970-இல் 110-க்கும் குறைவாக இருந்த அவற்றின் தொகை 2005-இல் 600-ஐத் தாண்டியது. முன்னர் படகிலிருந்து வேடிக்கை பார்க்க ஏரியில் விரட்டப்பட்ட மான்களின் வழிவந்தவை அவை. நூறாண்டுகளாக அயர்லாந்தில் காணாமற்போயிருந்த வெண்வால் கழுகை 2007-இல் நார்வேயிலிருந்து கொண்டுவந்து இங்கு விட்டனர். ஐந்தாண்டுகளில் நூறு இளங்கழுகுகள் வந்தன. ஆட்டுக்குட்டிகளுக்கு ஆபத்தென்று உழவர் சிலர் எதிர்த்தனர். கழுகுகள் சில நஞ்சுண்டு மாண்டன. ஆயினும் எஞ்சியவை நிலைத்தன, கூடு கட்டின, 2013-இல் அயர்லாந்து மண்ணில் குஞ்சுகள் பறக்கக் கற்றன.

மாலையில் குதிரை வண்டியேறி ஊர் திரும்புகிறோம். ஏரியின்மேல் மழைத்திரை மெல்ல இறங்குகிறது. சுரங்கத் தொழிலாளரும், குலத்தலைவரும், துறவிகளும், பிரபுக்களும், சுரங்கச் செல்வரும் ஒருவர்பின் ஒருவராக இந்த நீரைத் தமதென்று எண்ணியிருந்தனர். இன்று காலையில் உலவ வரும் கில்லார்னிக் கிழவருக்கும், கடல் கடந்து வந்த நமக்கும், பூங்காவின் வாயில் ஒரே மாதிரியாகத் திறந்திருக்கிறது. சட்டத்தின்படி ஏரிகள் ஐரிஷ் மக்களுடையவை. நாள்தோறும் குனிந்து களை பறிப்பவரும், மானை எண்ணுபவரும், ஏரியில் கழிவு கலவாமல் காப்பவரும் இருக்கும்வரையில்தான் அச்சட்டத்துக்குப் பொருள் உண்டு. கொடை ஒருமுறை கொடுக்கப்பட்டது. காவல் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஏற்க வேண்டியது.

புகைவண்டி நிலையத்தில் வண்டியை விட்டிறங்குகிறோம். பஞ்ச காலத்துக்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் இதே இருப்புப்பாதை வழியே துறைமுகம் சென்று, மீளாப் பயணம் மேற்கொண்டன. அவர்கள் கையோடு எடுத்துச் சென்றது மிகக் கொஞ்சம். ஏரியை எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று திரும்பி வந்து, கட்டணமோ அனுமதிச் சீட்டோ இன்றி, தம் முன்னோர் பார்த்த அதே நீரைப் பார்க்கின்றனர். ஊரை விட்டு வந்தவர்கள் நாம். அதன் அருமை நமக்குத் தெரியாததன்று.